பதினொரு சட்டியும் மூன்று குழியும்

எங்கள் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு சட்டிக் கொண்டைக்கடலை தொலைந்துபோனது. திருடன் யாரும் வரவில்லை. பதினொரு சட்டியும் சிமோஸ் மாமாவின் பேக்கரி வாசலில், எல்லார் கண் முன்னாலும், வரிசையாக உட்கார்ந்திருந்தன. இருந்தாலும் தொலைந்துதான் போயின. எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. ஆனால் இது என் வகுப்புத் தோழி லெமோனியாவின் கதை. என் சட்டியைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே எனக்கு நல்லது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கிரேக்க நாட்டில் இருக்கும் எங்கள் சிஃப்னோஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் கொண்டைக்கடலைதான். சனிக்கிழமை சாயங்காலமே மண்சட்டியில் கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை, தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர் எல்லாம் போட்டு மூடிவிடுவோம். மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவை அப்பி அடைத்துப் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். சிமோஸ் மாமா ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்புக்குள் எல்லாவற்றையும் தள்ளிக் கதவைச் சாத்துவார். மறுநாள் காலைப் பூசை முடிந்து வரும்போது கடலை வெண்ணெயாக வெந்திருக்கும்.

ஐம்பது சட்டிக்கு நடுவில் நம் சட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் அந்த மாவில் அடையாளம். ஒரு வீட்டில் முள்கரண்டியால் கோடு இழுப்பார்கள். ஒரு வீட்டில் சாவியை அழுத்துவார்கள். எங்கள் வீட்டில் சட்டைப் பொத்தான். லெமோனியா வீட்டில் கட்டைவிரலால் மூன்று குழி. சிமோஸ் மாமாவுக்கு ஆட்களின் முகம்கூட மறந்துபோகும், மாவு அடையாளம் மறக்காது.

இன்னொன்றும் உண்டு. அடைத்த மாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் உடைக்க வேண்டும். வழியிலோ பேக்கரியிலோ உடைப்பது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் திறப்பது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, எங்கள் பள்ளிக்கூடத்தில் மரபு வாரம் வரும்வரை.

அரிஸ்தேயா டீச்சர் அந்த வருஷம்தான் வடக்கே ஒரு பெரிய நகரத்திலிருந்து வந்திருந்தார். ரொம்ப நல்லவர். எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் குறிப்பேட்டை எடுத்துவிடுவார். புறாக்கூட்டைப் பார்த்தால் குறிப்பு, வாசல் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தால் குறிப்பு. அப்படிப்பட்டவர் கையில் கொண்டைக்கடலை கிடைத்தால் விடுவாரா?

அந்த வாரம் வீட்டுப்பாடம் இதுதான்: வகுப்பில் உள்ள பதினொரு பேரும் அவரவர் கையால் கடலை தயார் செய்து பேக்கரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. குயவரிடம் சொல்லி எங்கள் எல்லாருக்கும் புத்தம் புதுச் சின்னச் சட்டி வாங்கிக் கொடுத்தார். பதினொன்றும் ஒரே அளவு, ஒரே நிறம்.

செய்முறை வேண்டுமே என்று லெமோனியாவைக் கேட்டார். அவள் அம்மாவின் கடலை ஊரில் பேர் போனது. லெமோனியா அம்மா சொன்னதை நோட்டில் எழுதி, பக்கத்தில் சட்டிப் படமும் வரைந்து கொண்டுவந்தாள். டீச்சர் செய்முறையைக் கரும்பலகையில் அப்படியே எழுதி, படத்தையும் பெரிதாக வரைந்தார். சட்டி, மூடி, மூடியைச் சுற்றி மாவு, மாவில் மூன்று குழி.

இந்த இடத்தில் நாங்கள் யாராவது கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. டீச்சர் வரைந்துவிட்டால் அது பாடம். அதில் மூன்று குழி இருந்தால் நாங்களும் மூன்று குழிதான் வைப்போம். மார்க் போய்விட்டால்?

லெமோனியாவுக்கு மட்டும் அந்த வாரம் மார்க்கைப் பற்றி நினைக்க நேரமில்லை. அவள் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர். எட்டு மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அவருடைய கப்பல் அக்கரையில் பிரேயஸ் துறைமுகத்தில் இரண்டே நாள் நிற்கப்போகிறது என்று தகவல் வந்தது. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிப் படகில் திரும்பிவிட வேண்டும். போனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக் கடலை இருக்கும்ல?"

"இருக்கும்ப்பா. இந்தத் தடவை நானே செய்றேன்" என்று லெமோனியா சொன்னாள்.

சனிக்கிழமை அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடலை போட்டாள், வெங்காயம் போட்டாள், எண்ணெய் ஊற்றினாள். கரும்பலகையில் இல்லாத ஒன்றையும் போட்டாள். காய்ந்த ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டை எடுத்து, ஓரங்களைக் கத்தரித்துச் சின்னக் கப்பலாக ஆக்கி நடுவில் மிதக்கவிட்டாள். அப்பாவின் தட்டில் அது வந்து விழ வேண்டும் என்று ஆசை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்து உப்பு. டப்பாவைத் திறக்கும்போதுதான் வாசலில் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

அப்பா வந்துவிட்டார். அவள் ஓடினாள். அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார், முன்னைவிடக் கனம் என்று பொய்யாக முனகினார். பிறகு அவள் உள்ளே வந்து, சட்டியை மூடி, மாவை அப்பி, மூன்று குழி வைத்து, பேக்கரிக்குப் போய்க் கொடுத்தாள். அங்கே ஒரே கூட்டம், சிமோஸ் மாமா யார் மாவையும் பார்க்க நேரமில்லாமல் சட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பாதி வழியில் அவள் கால் நின்றுவிட்டது.

உப்பு போட்டேனா?

டப்பாவைத் திறந்தது ஞாபகம் இருந்தது. மூடியதும் ஞாபகம் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் நினைவில்லை. போட்டிருப்பேன் என்று நினைத்தாள். பத்து அடி நடந்தாள். போடவில்லையோ என்று நினைத்தாள். அடுப்புக் கதவை அடைத்தாகிவிட்டது. இனி யாரிடம் கேட்பது, சட்டியிடமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே பேக்கரி வாசலுக்கு வந்தது. சிமோஸ் மாமா நீண்ட பலகையால் சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். சாவி வீடு வாங்கிக்கொண்டது. முள்கரண்டி வீடு வாங்கிக்கொண்டது. பெரியவர்களின் சட்டி எல்லாம் போய்விட்டது.

பிறகு ஒரு சின்னச் சட்டி வந்தது. மூன்று குழி. லெமோனியா கையை நீட்டினாள். அதற்குள் இன்னொன்று வந்தது. அதிலும் மூன்று குழி. மூன்றாவதிலும் மூன்று குழி. சிமோஸ் மாமா பலகையைக் கீழே வைத்தார். பிறகு வேறு ஏதாவது வருமா என்று பார்ப்பதற்காக மறுபடி எடுத்தார். பதினொன்றும் வந்து சேர்ந்தபோது அவர் முகம் மாவைவிட வெளுத்திருந்தது.

"என்னம்மா டீச்சர், இதுல எது யாரோடது?" என்றார்.

டீச்சர் பெருமையோடுதான் சொன்னார்: "மரபுப்படி எல்லாத்துக்கும் மூணு குழி வெச்சிருக்காங்க மாமா. ஒரு பிள்ளைகூட மறக்கல."

லெமோனியாவின் அம்மா, அந்த மூன்று குழி தங்கள் வீட்டு அடையாளம் மட்டும்தான் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். டீச்சர் குறிப்பேட்டைத் திறந்தார், படித்தார், மூடினார். அவர் காது இரண்டும் சிவந்துபோயின. எங்களுக்குப் பாவமாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது, ஏனென்றால் ஒழுங்காக ஒன்றுமே நடக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிமோஸ் மாமா ஒவ்வொரு மூடியையும் விரலால் தட்டிக் காதை வைத்துப் பார்த்தார். என்ன கேட்டது என்று அவருக்கே புரியவில்லை. ஒருவர் தராசு கொண்டுவந்தார். நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டதும் தராசைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இதுதான் தன் பேரனுடையது என்று அடித்துச் சொன்ன ஒருவர், சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டை எடுத்தார். திரும்பியபோது எதைக் கையில் வைத்திருந்தார் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் அம்மா மட்டும் வரிசையில் குனிந்து முகர்ந்துகொண்டே வந்து ஒன்றின் முன்னால் நின்றார். "இதுதான் எங்களோடது" என்றார். கருகல் வாசனை மாவையும் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. நான் தண்ணீரைக் குறைத்து ஊற்றியிருந்தேன். என் கதை அவ்வளவுதான். இனி அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்று யாரோ சொன்னதற்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தன் பிள்ளை முதல்முதலாகச் செய்த சமையலை அடுத்த வீட்டுக்கு யார் கொடுப்பார்கள்? மாவை இங்கேயே உடைத்துப் பார்க்கலாம் என்றதற்குச் சிமோஸ் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேக்கரி வாசலில் இதுவரை ஒரு சட்டியின் மாவைக்கூட உடைத்ததில்லையாம்.

லெமோனியா அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று தாண்டிவிட்டது. துறைமுகத்துக்கு இறங்க அரை மணி நேரம் வேண்டும். அப்பா கையோடு கொண்டுவந்த பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாச் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எட்டு மாதம் காத்திருந்த சாப்பாடு எட்டடி தூரத்தில் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம்தான் போகும் என்று அடக்கிக்கொண்டாள்.

எதிரே கோவில். கோவிலை ஒட்டிச் சாப்பாட்டுக் கூடம். திருவிழா அன்று ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற நீளமான மேசைகள் உள்ளே இருந்தன. அவள் அதையே பார்த்தாள்.

"மாமா," என்று சிமோஸ் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மேசையிலதானே உடைக்கணும்?"

"ஆமா."

"திருவிழாவுக்கு அந்த மேசையில எல்லா வீட்டுக்காரங்களும் சாப்பிடுறோம்ல. அப்ப அது எல்லார் வீட்டு மேசைதானே? அங்க வெச்சு எல்லாத்தையும் ஒண்ணா உடைப்போம். ருசி பார்த்தா அவங்கவங்க வீட்டுக் கைப்பக்குவம் அவங்கவங்களுக்குத் தெரியாதா?"

சிமோஸ் மாமா அதை மனதுக்குள் இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை. பாதிரியார் ஏற்கெனவே சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் பசி.

பத்து நிமிடத்தில் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். பதினொரு மூடியும் ஒரே நேரத்தில் திறந்தன. ஆவி போய் விட்டத்தில் முட்டியது. பெரியவர்கள் கரண்டியை எடுத்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள்.

லெமோனியா சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒரு வீட்டில் வெங்காயத்தை அரைத்துப் போடுவார்கள், இன்னொரு வீட்டில் முழுதாகப் போடுவார்கள். ஒரு வீட்டில் மிளகு தூக்கலாக இருக்கும். நாக்கில் வைத்ததுமே ஒவ்வொருவராக "இது எங்களோடது" என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது சட்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மிச்சம் இரண்டு சட்டி. மிச்சம் இரண்டு பேர், லெமோனியாவும் இலிரும்.

இலிர் எங்கள் வகுப்பிலேயே சின்னவன். அவன் அப்பா அல்பேனியாவிலிருந்து வந்து எங்கள் மலைச்சரிவில் சரிந்த கல்சுவர்களை எல்லாம் திரும்பக் கட்டித் தருகிறவர். அவர்கள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இலிர் அதிகம் பேச மாட்டான். கேட்டால் மட்டும் பதில் சொல்வான், அதுவும் பாதி.

லெமோனியாவின் அப்பா இடதுபக்கச் சட்டியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இதுதான்," என்றார். "அப்படியே உங்கம்மா கை. எட்டு மாசமா இதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன் கண்ணு."

லெமோனியாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அப்படியானால் உப்பு போட்டிருக்கிறாள்.

சிமோஸ் மாமா மிச்சமிருந்த வலதுபக்கச் சட்டியை ருசி பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்தது. "உப்பே இல்ல. ஊருக்குப் புதுசுதானே, பழகிக்குவாங்க" என்று சொல்லி இலிரின் தலையைத் தடவினார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, இருந்தாலும் சிரித்தார்கள். இலிரின் அம்மா எதையோ தேடுவதுபோலப் பைக்குள் குனிந்துகொண்டார்.

இலிர் குழம்பிப்போனான். "போட்டேனே" என்றான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். "போட்டேன்னு நினைக்கிறேன்" என்றான். மறுபடியும் விரல்களையே பார்க்க ஆரம்பித்தான்.

நேற்று பாதி வழியில் தான் நின்ற நிற்பு லெமோனியாவுக்கு நினைவு வந்தது. அவள் வலதுபக்கச் சட்டியின் அருகில் போய்க் கரண்டியால் கிளறினாள். பாதிக் கிளறலில் அது மேலே வந்தது. எண்ணெயில் பளபளத்துக்கொண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஒரு ஆரஞ்சுத்தோல் கப்பல்.

அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அழுத்தினால் போதும், மூழ்கிவிடும். அவள் அழுத்தினாள். இதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். அதனால்தான் எனக்குத் தெரியும். அப்பா அங்கே இடதுபக்கச் சட்டியிலிருந்து தட்டு நிறைய எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படிக் கலைப்பது?

கப்பல் மூழ்கவில்லை. கரண்டியை எடுத்ததும் திரும்ப மேலே வந்தது. இலிர் இன்னும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றாள் லெமோனியா. "அது இலிரோடது. இதுதான் என்னோடது. நீங்க வந்த சந்தோஷத்துல உப்பு போட மறந்துட்டேன்."

கரண்டியில் கப்பலை எடுத்துக் காட்டினாள்.

முதலில் பேசியது அவள் அம்மாதான். இடதுபக்கச் சட்டியில் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, இது எப்படி என் கை மாதிரியே இருக்கிறது என்று இலிரைக் கேட்டார்.

"எங்க வீட்டுல கடலை செஞ்சதில்ல," என்றான் இலிர். "அதான் போர்டுல இருந்தபடியே செஞ்சேன். ஒண்ணுகூட மாத்தல."

நாங்கள் எல்லாரும் கரும்பலகையில் குழியை மட்டும் பார்த்து வைத்தோம், சமையலை அவரவர் வீட்டு வழக்கப்படி செய்தோம். இவன் ஒருத்தன்தான் கரும்பலகையை முழுசாகப் படித்திருக்கிறான். அன்று முதல்முறையாக டீச்சர் சிரித்தார். சிமோஸ் மாமா இலிரின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டு கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். அந்த அம்மா பையை மூடி வைத்துவிட்டுப் பரிமாறினார்.

லெமோனியாவின் அப்பா தன் தட்டை இலிரின் முன்னால் நகர்த்தினார். பிறகு வலதுபக்கச் சட்டியை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாரோ உப்புக் கிண்ணத்தை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

"எட்டு மாசமா கடல்ல எனக்கு உடம்பெல்லாம் உப்புதான். இன்னைக்கு ஒரு நாள் இல்லாம சாப்பிடுறேனே" என்றார்.

அடி வரைக்கும் சாப்பிட்டார். கப்பலை மட்டும் சாப்பிடவில்லை. துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று மணிப் படகில் ஏறினார். படகு திரும்பும்வரை பையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை பேக்கரியில் எல்லா வீட்டு அடையாளமும் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. லெமோனியா வீட்டிலிருந்து அவளோடு சேர்ந்து வந்த இலிர், அவளுக்கு முன்னால் தன் சட்டியோடு நின்றான். மாவில் ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டு அடையாளம் என்ன என்று சிமோஸ் மாமா கேட்டார். இலிர் யோசித்தான். பிறகு நகத்தால் வளைவாக ஒரு கோடு கீறி, நடுவில் நேராக ஒன்று நிறுத்தினான்.

"என்னடா இது?"

"கப்பல்."

சிமோஸ் மாமா அதை நன்றாக ஒருமுறை பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, சட்டியை உள்ளே தள்ளினார். அடுத்து லெமோனியா மூன்று குழிச் சட்டியை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"உப்பு?"

"போட்டாச்சு மாமா," என்றாள் லெமோனியா. "இலிர்தான் சாட்சி."